குசினிக் காசில் வந்த ட்ரோன்

ஜோர்தானில் ஒரு தையல் ஆலையில் நான்கு வருஷம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய ஜீவராணிக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. லயத்துக்குப் பின்னால் சொந்தமாக ஒரு குசினி கட்ட வேண்டும். புகை போக ஒரு வழி, நின்று சமைக்க ஒரு சீமெந்துத் தட்டு, ஒழுகாத கூரை. அதற்கென்று ஒதுக்கிய பணத்தை அவள் வேறு எதற்கும் தொடவில்லை.

நிவித்திகலைக்கு மேலே, வெலிஹேன தோட்டத்தின் மேல் பிரிவில் தொழிலாளருக்கான வரிசைக் காம்பராக்களாக இரண்டு லயங்கள், பதினான்கு குடும்பங்கள். லயங்களுக்குப் பின்னால் தேயிலை கொஞ்ச தூரம் ஏறும். அதற்கு மேலே கைவிட்ட காடு; மானாப்புல்லும் ஆளுயரப் புதரும் மண்டிக் கிடக்கும். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீவராணியும் அவள் புருஷன் கிருஷ்ணகுமாரும் குசினிக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்கள். முழங்கால் ஆழம் போனதும் குழியில் தண்ணீர் ஊறியது. அங்கே தண்ணீர் ஊறுவது அதிசயமில்லை. ஆனால் இது பால் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. இறைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் குழி அதே நிறத்தில் மறுபடி நிரம்பியிருந்தது. மேல்பக்கத்து மண் சரிந்து உள்ளே விழுந்திருந்தது.

ஊற்று கலங்கினால் மேலே மண் நகருகிறது என்பது அந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிய செய்தியில்லை. ஜீவராணி கத்தியை எடுத்துக்கொண்டு மலையேறினாள். கால் முழுக்க அட்டை கடிக்க, புல்லை வெட்டி வெட்டிப் போனவள் ஓரிடத்தில் முழங்கால்வரை பள்ளத்தில் இறங்கினாள். புல்லை விலக்கிப் பார்த்தாள். மண் வாய் பிளந்திருந்தது. எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க முடியவில்லை. பத்தடிக்கு மேல் புதர் மூடியிருந்தது. கைபேசியில் நாலைந்து படம் எடுத்தாள். பார்த்தால் ஏதோ குழிபோலத்தான் இருந்தது.

அந்தப் படங்களைத் தோட்ட ஆபீசில் உதவி முகாமையாளரிடம் காட்டினாள். அது வெள்ளைக்காரன் காலத்தில் தண்ணீர் வடிய வெட்டிய பழைய கான் என்று அவர் சிங்களத்தில் சொன்னார். கான் என்றால் நேராகத்தானே போகும், இது வளைகிறதே என்றாள். எங்கே வளைகிறது, படத்தில் காட்டு என்றார். காட்ட முடியவில்லை.

அடுத்த மாதம் கீழ்ப் பிரிவில் ஒரு கலியாணம். படம் பிடிக்கக் கஹவத்தையிலிருந்து வினோத் என்பவர் வந்திருந்தார். தேவாலய முற்றத்தில் அவர் ஒரு ட்ரோனை மேலே ஏற்றி இறக்கியதை ஜீவராணி பார்த்தாள். சாப்பாடு முடிந்ததும் அவரிடம் போய், எங்கள் மலைக்கு மேலே ஒரு தடவை ஏற்றிக் காட்ட முடியுமா என்று கேட்டாள். நல்ல மனுஷன், மறுபேச்சுப் பேசாமல் வந்தார்.

பத்து நிமிஷம்தான். கண்ணாடித் திரையில் மலையின் உச்சந்தலை தெரிந்தது. புல்லுக்கு நடுவே ஒரு கோடு, பிறை நிலா மாதிரி வளைந்து கிடந்தது. பிறையின் இரண்டு நுனிகளும் கீழே இரண்டு லயங்களையும் பார்த்து இறங்கின.

அந்தப் படத்தோடு மறுநாள் ஆபீசுக்குப் போனாள். உதவி முகாமையாளர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, இதை எடுத்தது யார், எந்த அனுமதியோடு தோட்டத்துக்கு மேலே பறக்கவிட்டார் என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் தொலைபேசியை எடுத்தார். அன்று மாலை வினோத் பொலிசுக்கு வாக்குமூலம் கொடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய ட்ரோன் பதிவு செய்யப்படாதது; பறக்கவிட அவரிடம் அனுமதிப்பத்திரமும் இல்லை. கருவியை எடுத்து வைத்துக்கொண்டார்கள். படத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

ஜீவராணி கஹவத்தைக்குப் போய் வினோத்திடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. தப்பு என்னுடையதுதான், பதிய வேண்டும் பதிய வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டே இருந்தேன் என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்குத் திரும்பத் திரும்ப ஒரே நினைப்பு. அந்த முகாமையாளர் சட்டப்படி பேசினார். அதுதான் அவளை அதிகம் சுட்டது. பொய் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து கிருஷ்ணகுமாரிடம் தன் முடிவைச் சொன்னாள். அவன் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவன், சாதாரணமாக அதிகம் பேசமாட்டான். அன்று பேசினான்.

"குசினி கட்டணும்னு நாலு வருஷம் பிள்ளைகள விட்டுட்டு இருந்த. இப்ப பறக்குற மெசின் வாங்கணுங்கிற. ஊரு சிரிக்கும் ராணி."

"குசினிய எங்க கட்டுறது? அந்த மலைக்கு அடியிலதானே?" என்றாள் ஜீவராணி. "நாங்க சொன்னா குழிங்கிறாங்க. அடுத்தவரு படம் எடுத்தா களவுங்கிறாங்க. நானே எடுக்கணும். யாரும் ஒரு வார்த்த கேக்க முடியாத மாதிரி எடுக்கணும்."

அவன் வெளியே போய் அந்தத் தண்ணீர்க் குழியருகே வெகுநேரம் நின்றான். திரும்பி வந்து, எங்கே வாங்குவதாக இருக்கிறாய் என்று மட்டும் கேட்டான்.

புதியது வாங்க வசதியில்லை. இணையத்தில் பழையது தேடினாள். பத்துப் பேரில் எட்டுப் பேரிடம் பத்திரமே இல்லை. கடைசியில் மாவனல்லையில் ஒரு வீட்டில் பதிவுப் பத்திரத்தோடு ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. ஹுஸைன் என்பவர் கலியாணங்களுக்குப் படம் பிடித்து வந்தவர். இப்போது கட்டாரில் வேலை. விற்பது அவருடைய மனைவி ஸுமைரா.

ஸுமைராவுக்கும் ஜீவராணி வயதுதான் இருக்கும். பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தாள். நாலு காலும் நாலு கையுமாக வெள்ளை நிறத்தில், பழைய வகையானாலும் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. ஜீவராணி வினோத்திடம் கேட்டு எழுதி வந்த தாளைப் பார்த்துப் பார்த்துச் சோதித்தாள். உடம்பில் பொறித்த இலக்கமும் பத்திரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றா? ஒன்றுதான். இறக்கைகளின் ஓரத்தில் கீறல் உண்டா? ஒன்றில் இருந்தது. மூன்று பற்றரிகளையும் மேசைமேல் வைத்து விரலால் சுண்டினாள். ஒன்று மேசையில் படியாமல் பம்பரம் மாதிரிச் சுற்றியது.

"இது வீங்கி இருக்குங்க," என்றாள்.

ஸுமைரா அதைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டுத் தனியாக ஒதுக்கி வைத்தாள். கணவர் சொல்லவில்லை, தனக்கும் தெரியாது என்றாள். விலையை அவளாகவே குறைத்தாள். பிறகு, கலியாணத்துக்கா வாங்குகிறீர்கள் என்று கேட்டாள். ஜீவராணி மலையைப் பற்றிச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ஸுமைராவின் முகம் மாறியது. அரநாயக்கவில் மலை சரிந்த வருஷம் தன் கணவர் அங்கே போய்விட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றாள்.

"ஒண்டு செல்றேன் தங்கச்சி," என்றாள். "பத்திரம் உங்கட பேருக்கு மாறுற வரைக்கும் இது எங்கட பேர்லதான் ஈக்கி. அதுக்குள்ள நீங்க ஏத்தினா எனக்கும் கரைச்சல், உங்கட வேலையும் கெட்டுப் போகும். அவர்ட கையெழுத்த நான் எடுத்துத் தாறேன். கொஞ்சம் பொறுங்க."

அந்தக் கையெழுத்து வர மூன்று வாரம். கருவியின் செயலி ஹுஸைனின் பழைய கணக்கிலிருந்து விடுபட மேலும் ஒரு வாரம். அதற்குள் ஜீவராணி மற்றக் காகிதங்களுக்கு அலைந்தாள். ட்ரோன்களைப் பதிந்து அனுமதி கொடுக்கும் விமான அதிகாரசபைக்கு அவள் வசிக்கும் இடத்துக்கு அத்தாட்சி வேண்டும். லயக்காம்பராவுக்கு வீட்டு இலக்கம் ஏது? கரண்டு பில்லும் தோட்டத்தின் பேரில். கிராம சேவகரிடம் மூன்று தடவை போய், 'மேல் பிரிவு, இரண்டாம் லயம், ஆறாம் காம்பரா' என்று முத்திரையோடு எழுதி வாங்கினாள். காலையில் முதல் பஸ் பிடித்து இரத்தினபுரி, அங்கிருந்து கொழும்பு, அங்கிருந்து அதிகாரசபை இருக்கும் கட்டுநாயக்க. அவளுடைய கருவி எடை கூடிய வகை. அதைப் பறக்கவிட எழுத்துப் பரீட்சையும் உண்டு, பறக்கவிட்டுக் காட்டும் பரீட்சையும் உண்டு என்று சொன்னார்கள். எப்போது என்று கேட்டாள். கடிதம் வரும் என்றார்கள்.

கடிதம் வந்தது. வந்து தோட்ட ஆபீசில் ஒன்பது நாள் கிடந்தது. லயத்துக்கு வரும் தபாலெல்லாம் ஆபீசுக்குத்தான் போகும். யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. அவள் கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்து இரண்டு நாளாகியிருந்தது.

அன்று அவள் அழுதாள். மறுநாள் காலை, மலையின் மறுபுறத்தில் சொந்தக் காணி வைத்திருக்கும் குணபாலவின் வீட்டுக்கு நடந்து போனாள். அறுபதைத் தாண்டிய மனுஷர். மிளகும் கறுவாவும் போட்டிருந்தார். தபால்காரர் நேரே வரும் முகவரி அவருடையது. இனி என் கடிதங்கள் உங்கள் முகவரிக்கு வரலாமா என்று சிங்களத்தில் கேட்டாள். காரணம் கேட்டார், சொன்னாள். அவர் அவளைத் தன் காணியின் மேல் எல்லைக்கு அழைத்துப் போனார். அங்கே மிளகு படர்ந்த கம்பங்கள் நாலைந்து, தள்ளிவிட்டதுபோல ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. போன வருஷம் நேராக இருந்தவை என்றார். "எந்தக் கடிதமானாலும் வரட்டும் நங்கி," என்று தங்கச்சி முறை வைத்துச் சொன்னார்.

பயிற்சிக்குக் கொழும்புப் பக்கம் ஒரு நிலையத்தைக் கண்டுபிடித்து எட்டு ஞாயிற்றுக்கிழமை போனாள். வகுப்பில் அவளைத் தவிர எல்லோரும் ஆண்கள். பாடம் சிங்களத்தில். பேச்சுச் சிங்களம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எழுத்துச் சிங்களம் கொஞ்சம் தடுக்கியது. ஒவ்வொரு சொல்லையும் கொப்பியில் எழுதி எதிரே தமிழில் அர்த்தம் எழுதினாள். எவ்வளவு உயரம் போகலாம், ஆட்களுக்கு எவ்வளவு தூரத்தில் பறக்க வேண்டும், எங்கெங்கே பறக்கவே கூடாது, காற்று எவ்வளவு இருந்தால் இறக்கிவிட வேண்டும். சமைக்கும்போது கொப்பியை அடுப்புக்கு மேலே தட்டில் சாய்த்து வைத்துப் படித்தாள்.

எழுத்துப் பரீட்சையில் தேறினாள். பறக்கவிடும் பரீட்சையில் தோற்றாள். நாலு கம்பங்களைச் சுற்றி எட்டுப் போட வேண்டும். கருவி போகும்போது சிக்கலில்லை. திரும்பி அவளைப் பார்த்து வரும்போதுதான் இடது வலதாகும், வலது இடதாகும். மூன்றாவது கம்பத்தில் கை மாறி இழுத்துவிட்டது. கருவி கோட்டைத் தாண்டிப் போனது. பரீட்சகர் மரியாதையாகவே, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்.

அந்த அடுத்த மாதம் என்பது நவம்பர். மழை ஐப்பசி நடுவிலேயே பிடித்துக்கொண்டது. ஒரு நாள் விடியும்போது பக்கத்துக் காம்பரா தெரேசம்மா வந்து கதவைத் தட்டினாள். கொழுந்து எடுக்கும் பெண், ஐம்பது வயது, லயத்தின் ஓரக் காம்பரா அவளுடையது. வா என்று ஜீவராணியை இழுத்துப் போய்த் தன் பின்சுவரைக் காட்டினாள். நேற்று இல்லாத ஒரு விரிசல். விரல் போகும் அகலம்.

"பெட்டியில பூட்டி வச்சிருக்கியே, அத எடு ராணி. இப்பவே ஏத்து. படத்த எடு. பேப்பரு பொறவு வரட்டும்."

பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோர் முகத்திலும் அதே பேச்சு. கிருஷ்ணகுமார்கூட அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பற்றரி இரண்டும் நிரம்பி இருந்தது அவளுக்குத் தெரியும். எட்டு நிமிஷம் போதும்.

"ஏத்த மாட்டேன்க்கா," என்றாள். "இப்ப ஏத்துனா படத்த பாக்க மாட்டாங்க. யாரு ஏத்துனதுன்னுதான் பாப்பாங்க. மெசினும் போயிரும், படமும் போயிரும். ஒரு தடவ பட்டது போதும்."

"அதுக்குள்ள மலை வந்துச்சின்னா?"

"வந்துச்சின்னா யாரும் உள்ள இருக்கக்கூடாது. மழை விடுற வரைக்கும் பிள்ளைகளையும் வயசானவங்களையும் ராவைக்குப் பள்ளிக்கூடத்துல படுக்க வைப்போம். நான் அதிபர்கிட்ட கேக்குறேன்."

தெரேசம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். ஆனால் அன்று மாலை பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு முதலில் போனவள் அவள்தான். மழை ஓயும் வரை இருபத்தோரு நாள் அப்படிப் போனார்கள். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் முணுமுணுத்தார். அந்த இருபத்தோரு நாளும் ஜீவராணி கைபேசியில் பழகுவதற்கென்று இருக்கும் விளையாட்டுக் கருவியை எட்டுப் போட வைத்தாள். எப்போதும் முகம் தன்னைப் பார்த்து வரும்படியே. ஜோர்தானில் அவள் ஓட்டிய தையல் மெசினில் இரண்டு கைக்கும் காலுக்கும் மூன்று வெவ்வேறு வேலை. அதைப் பழக இரண்டு மாதம் எடுத்தது. இதுவும் கைக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும்.

நவம்பர் கடைசியில் மறுபடி பரீட்சை. காற்று கொஞ்சம் இருந்தது. மூன்றாவது கம்பத்தில் அவள் அவசரப்படவில்லை. நிறுத்தி, மூச்சு விட்டு, சுற்றினாள். பரீட்சகர் தாளில் எதையோ எழுதிவிட்டு இறக்குங்கள் என்றார். பத்து நாள் கழித்துக் குணபாலவின் வீட்டுக்கு அனுமதிப்பத்திரம் வந்தது. அவர் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, தூறலுக்குள் நடந்து லயத்துக்கே கொண்டு வந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகும் அவள் ஓடிப்போய் ஏற்றவில்லை. வெடிப்பின் மேல் பகுதி குணபாலவின் எல்லைக்கு ஒட்டியது. அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினாள். தோட்டத்துக்கு மேலே பறக்க விமான அதிகாரசபையின் அனுமதிக்கும் விண்ணப்பித்துக் கையில் வாங்கினாள். நாளும் நேரமும் குறித்துப் பொலிசில் அறிவித்து முத்திரை வாங்கினாள். மண்சரிவு ஆய்வு செய்யும் அதிகாரிகளுக்கும் ஒரு பிரதி அனுப்பினாள்.

டிசம்பர் இருபதாம் திகதி காலை மழை விட்டிருந்தது. குணபாலவின் முற்றத்தில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் கருவியை வைத்தாள். கிருஷ்ணகுமாரும் குணபாலவும் தள்ளி நின்றார்கள். இறக்கைகள் சுழன்றன, மிளகு இலைகள் படபடத்தன, கருவி எழும்பியது.

திரையில் மலை விரிந்தது. ஜூன் மாதம் கோடாகக் கிடந்த பிறை இப்போது ஒரு படி மாதிரி இருந்தது. பிறைக்குள் இருந்த நிலம் முழுவதும் ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அதிலிருந்த மரங்கள் இரண்டு பக்கமும் சாய்ந்து நின்றன. அவள் ஒரே உயரத்தில் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஓட்டினாள், வயலில் ஏர் போகிற மாதிரி. நாற்பது படம் எடுத்த நேரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி மேலே வந்தது. இன்னும் ஒரு வரிசை பாக்கி. கிருஷ்ணகுமார், இன்னும் கொஞ்சம் எடு என்றான்.

"கண்ணுக்குத் தெரியலைன்னா இறக்கிறணும். அதான் சட்டம்," என்று சொல்லி இறக்கினாள். பனி விலக ஒரு மணி நேரம் காத்திருந்து, இரண்டாவது பற்றரியில் அந்தக் கடைசி வரிசையை எடுத்து முடித்தாள்.

படங்கள், அனுமதிப்பத்திரத்தின் பிரதி, உயரம், நேரம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினாள். நாலாம் நாள் அதிகாரிகள் இருவர் அவளைத் தேடி வந்தார்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது காட்டிய இடங்களுக்கு நேரே ஏறினார்கள். ஒரு வாரத்துக்குள் இரண்டு லயங்களும் ஆபத்தான இடமென்று எழுத்தில் அறிவித்தல் வந்தது. பதினான்கு குடும்பங்களையும், பாவிக்காமல் கிடந்த பழைய தொழிற்சாலையின் கொழுந்து வாட்டும் மாடிக்கு மாற்றினார்கள்.

மலை அந்த மாரியில் விழவில்லை. அதுதான் அவளுக்கு வந்த புதிய சோதனை. மாடியில் தகரத்தால் மறைத்த பதினான்கு தடுப்புகள், இரண்டே இரண்டு குழாய், குளிர் ஓட்டை வழியாக வரும். ஜீவராணி பறக்கவிட்டுக் கெடுத்துவிட்டாள் என்று சிலர் காதில் விழும்படியே பேசினார்கள். ஜனவரியில் தெரேசம்மா பகலில் பழைய காம்பராவுக்குப் போய்ச் சமைக்கத் தொடங்கினாள். கேட்டதற்கு, விறகு அங்கேதான் இருக்கிறது என்றாள்.

ஜீவராணி சண்டை போடவில்லை. மறுபடி அறிவித்து, அனுமதி வாங்கி, அதே முற்றத்திலிருந்து, அதே உயரத்தில் பறக்கவிட்டாள். இந்தத் தடவை தெரேசம்மாவைப் பக்கத்தில் நிற்க வைத்தாள். பழைய படத்தையும் புதியதையும் காட்டினாள். டிசம்பரில் பிறையின் நுனிக்கு வெளியே நின்ற ஒரு பலாமரம் இப்போது உள்ளே இருந்தது. மரம் நகரவில்லை, வெடிப்புத்தான் அதைச் சுற்றிக் கீழே இறங்கியிருந்தது. படத்தில் அதற்குக் கீழே தெரேசம்மாவின் கூரை நன்றாகத் தெரிந்தது.

"எப்ப விழும் ராணி?"

"தெரியாதுக்கா. நாளைக்கும் விழலாம், அஞ்சு வருஷமும் நிக்கலாம். அங்க நீங்க இருக்கக்கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

தெரேசம்மா அன்று மாலை விறகையும் அடுப்புக்கல்லையும் மாடிக்குத் தூக்கி வந்தாள். காணி பார்த்துவிட்டார்கள், வீடு கட்டித் தருவார்கள் என்று ஆபீசில் சொன்னார்கள். எப்போது என்று ஜீவராணி கேட்டாள். மாதாமாதம் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மாசியில் ஒரு நாள் கஹவத்தைப் பக்கத்து ஒரு தோட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். வினோத் சொல்லி அனுப்பியதாகச் சொன்னார்கள். தங்கள் லயத்துக்குப் பின்னாலும் தண்ணீர் கலங்கி வருகிறது, நீங்கள் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். ஜீவராணி அவர்களைத் தகரத் தடுப்புக்குள் உட்கார வைத்து, தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். பிறகு கொப்பியில் புதிய பக்கத்தைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"அந்த மலைக்கு மேல யாரோட காணிங்க? மொத அவரோட பேரச் சொல்லுங்க," என்றாள்.